ஸ்கேன் அறையில் நாக்கில் ஏறும் இரும்புச் சுவை

(மருத்துவ உதவி பெறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் உதவியில் வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்த ஒரு பெரியம்மா, மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வர மறுத்துவிட்டார்கள். பணம்தான் பிரச்சினை என்று நாங்கள் நினைத்தோம். பேத்தியிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி ஏறியதும் வாயெல்லாம் இரும்பைக் கடித்த மாதிரி ஆனதாம், உடம்பு கொதித்ததாம், உடுத்திய துணியிலேயே சிறுநீர் போய்விட்டதாம். யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டு வீடு வந்துவிட்டார்கள். துணி நனையவே இல்லை என்பதை அவர்கள் பார்க்கவுமில்லை, நம்பவுமில்லை.

இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறும்தான். படிவத்தில் கையெழுத்து வாங்கினோம், விளக்கவில்லை.

ரத்தக் குழாயும் உறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரிய, அயோடின் கலந்த மருந்தைக் கை நரம்பில் செலுத்துகிறார்கள். பம்பு வைத்து வேகமாகச் செலுத்துவதால் சில நொடிகளில் உடம்பு முழுவதும் பரவிவிடுகிறது. அப்போதுதான் நாக்கில் உலோகச் சுவை தெரியும், தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு இறங்கும், சிறுநீர் போனது போலத் தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். எம்ஆர்ஐயில் போடும் கடோலினியம் மருந்திலும் சிலருக்கு இந்தச் சுவை வரும். ஊசி போடாத சிடி ஸ்கேனில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஒளு போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். வெறும் உணர்வால் ஒளு முறியாது. சிறுநீர் வந்தது உறுதியானால்தான் முறியும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வழிந்தால் ஹனஃபி மத்ஹபில் முறியும், ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. நோன்பு நாளில் ஸ்கேன் வந்தால் நம் இமாமிடமும் மருத்துவரிடமும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சுவைக்குப் பயப்பட வேண்டாம் என்றோம். பயப்பட வேண்டியது வேறு: உடம்பில் தடிப்பு, அரிப்பு, முகமோ உதடோ வீங்குவது, மூச்சுத் திணறல், மயக்கம், ஊசி ஏறிய கையில் கடும் வலி. இவற்றில் எது வந்தாலும் உடனே கையை உயர்த்திச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த ஊசி போடக் கூடாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. இதே ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைத்தான் அவசியம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு இருந்தாலும் மறைக்காதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவோர், அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த உலோகச் சுவை நாள் கணக்கில் நீடித்தால் ஸ்கேன் மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மெட்ஃபார்மினும், வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலும்கூட அப்படிச் செய்யும். மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.

பெரியம்மாவிடம் எங்கள் வீட்டுப் பெண்கள் போய்ப் பேசினார்கள். அல்ஹம்துலில்லாஹ், வியாழக்கிழமை வரச் சம்மதித்திருக்கிறார்கள். மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டார்கள். வைத்துவிட்டோம்.