செத்தவரைக் கூட்டத்துக்கு அழைத்தவர்கள்

(பெக்கான் நானாஸ் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐரோப்பிய அரசியலில் அந்நியப் பிரச்சாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐரோப்பாவுக்கும் நம் அன்னாசி ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஐயா, இந்தக் கூட்டத்தில் செம்பனைக் குலை விற்றுப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். சரி, இறக்குங்கள். சம்பந்தம் உங்களுக்குத்தான்.

2019 செப்டம்பரில் அப்போதைய நம் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றிப் பேசினார். இந்தியா அந்த மண்ணில் படையெடுத்து ஆக்கிரமித்துவிட்டது என்றார். அவர் பேசியது சரியா தவறா என்பதை நான் இங்கே அளக்க வரவில்லை. அந்தப் பேச்சின் எதிரொலியாக அக்டோபர் 21ஆம் தேதி மும்பையிலுள்ள எண்ணெய் வியாபாரிகள் சங்கம் மலேசியச் செம்பனை எண்ணெயை வாங்காதீர்கள் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. அடுத்த ஜனவரி 8ஆம் தேதி சுத்திகரித்த செம்பனை எண்ணெய்க்கு இந்திய அரசே கட்டுப்பாடு போட்டது. அந்த 2019இல் நம் எண்ணெயை உலகத்திலேயே அதிகம் வாங்கிய நாடு இந்தியா. காஷ்மீர் எங்கே, பொந்தியான் சிறுதோட்டக்காரன் எங்கே!

மும்பைச் சங்கம் வாய் திறந்த எட்டாவது நாள், அக்டோபர் 29, காஷ்மீரின் ஸ்ரீநகரில் என்ன நடந்தது? ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 23 பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீவிர வலதுசாரிக் கட்சிக்காரர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ராகுல் காந்தியையும் நம் திருச்சி சிவாவையும் மற்ற எதிர்க்கட்சித் தலைவர்களையும் அதே ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டு எம்.பி.க்கு மூடிய கதவு பிரான்சுக்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் திறந்தது. அழைத்தது யார்? பிரஸ்ஸல்ஸில் மாடி சர்மா என்ற பெண்மணி நடத்திய ஒரு சிறு அமைப்பு. செலவை ஏற்றது டெல்லியிலிருந்த இன்னோர் அமைப்பு. பிரிட்டிஷ் உறுப்பினர் கிறிஸ் டேவிஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: காவலர் துணையில்லாமல் நான் விரும்பிய மக்களோடு பேச வேண்டும். அவ்வளவுதான், அவருக்குக் கொடுத்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. இது எங்கள் அதிகாரப்பூர்வப் பயணம் அல்ல என்று ஐரோப்பிய ஒன்றியம் சொன்னது. அந்த வரியை எத்தனை பேர் படித்தோம்? படத்தைத்தான் பார்த்தோம். வெள்ளைக்காரர்கள் தால் ஏரியில் படகில் போன படம்.

ஓராண்டு கழித்து, 2020 டிசம்பரில், பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஈ.யூ. டிஸ்இன்ஃபோலேப் என்ற ஆய்வுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பயணத்துக்குப் பின்னாலிருந்த வலையை அது பிரித்துக் காட்டியது. டெல்லி ஸ்ரீவாஸ்தவா குழுமத்தைச் சுற்றி 15 ஆண்டுகளாக ஓடிய வலை அது. 116 நாடுகளின் பெயரைச் சொல்லி 750க்கும் மேற்பட்ட போலிச் செய்தித் தளங்கள். செத்துப் போன பத்திரிகைகளுக்கும் மூடிப் போன தொண்டு அமைப்புகளுக்கும் உயிர் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. லூயிஸ் சோன் என்று ஹார்வர்டில் சட்டம் கற்பித்த பெரிய பேராசிரியர், 2006இல் காலமானவர். அவர் 2007இல் ஐ.நா. மனித உரிமைக் கூட்டத்தில் கலந்துகொண்டதாகவும், 2011இல் வாஷிங்டன் நிகழ்ச்சிக்கு வந்ததாகவும் எழுதி வைத்திருந்தார்கள். நம் ஊரில் செத்தவர் ஓட்டுப் போடுவார் என்று கேலி பேசுவோம். இவர்கள் செத்தவரை விமானம் ஏற்றிவிட்டார்கள்!

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். இந்திய அரசுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்று அந்த அறிக்கை நிரூபிக்கவில்லை. பொய்ப் பிரச்சாரம் எங்கள் வழக்கமல்ல என்று டெல்லியும் மறுத்தது. இருக்கட்டும். என் கேள்வி வேறு. இந்தப் பொய் யாருக்காகச் சமைக்கப்பட்டது?

வழியைப் பாருங்கள். பிரஸ்ஸல்ஸ் முகவரி போட்ட ஒரு தளத்தில் ஓர் ஐரோப்பிய எம்.பி.யின் பெயரில் பாகிஸ்தானைத் திட்டிக் கட்டுரை வரும். ஏ.என்.ஐ. என்ற இந்தியச் செய்தி நிறுவனம் அதை எடுத்து, ஐரோப்பாவே கொதிக்கிறது என்கிற தொனியில் இந்தியா முழுக்க அனுப்பும். மறுநாள் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அதே செய்தி. அதற்கடுத்த நாள் நம் தாமான் புலனக் குழுவில்! ஐரோப்பாவை ஏமாற்றியதைவிட ஊரை ஏமாற்றியதுதான் அதிகம். நம் வயல் நெல்லையே அரைத்து, வெளியூர் மூட்டையில் கட்டி, நமக்கே இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். வெள்ளைக்காரன் சொன்னால் உண்மை என்று நாம் நம்புகிற வரைக்கும் இந்த வியாபாரம் படுக்காது.

இந்தியாவை மட்டும் ஏன் இழுக்கிறாய் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நம் வீட்டுக்கே வருகிறேன். லண்டனில் எஃப்.பி.சி. மீடியா என்றொரு நிறுவனம் இருந்தது. பி.பி.சி. வேர்ல்டுக்கு நிகழ்ச்சி செய்து கொடுக்கும். அதே நிறுவனம் உலக அரங்கில் பேர் வாங்கித் தருவதற்காக நம் மலேசிய அரசாங்கத்திடம் சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு வாங்கியது என்று 2011இல் லண்டன் இண்டிபெண்டன்ட் நாளேடு எழுதியது. அதைத் தோண்டி எடுத்ததில் சரவாக் ரிப்போர்ட் இணையத்தளத்துக்கும் பங்கு உண்டு. மலேசியா பற்றிய எட்டு நிகழ்ச்சிகள், அவற்றில் செம்பனைத் தொழிலைப் பாராட்டியதும் உண்டு. 2012 பிப்ரவரியில் பி.பி.சி. தன் திரையிலேயே உலகத்திடம் மன்னிப்புக் கேட்டது. பணம் யாருடையது? நீங்களும் நானும் கட்டிய வரி. அதைக் கொண்டு போய் லண்டனில் கொடுத்து, 'பி.பி.சி.யே பாராட்டுகிறது' என்று நம்மிடமே காட்டினார்கள்.

ஐரோப்பாக்காரன் மட்டும் தப்பித்தானா? 2022இல் தொடங்கி, ரஷ்யப் பின்னணியில் ஒரு கூட்டம் பிரான்சின் லெ மோந்த், ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் தளங்களை எழுத்து, படம், நிறம் எல்லாம் அப்படியே நகலெடுத்தது. முகவரியின் வால் மட்டும் வேறு. ருமேனியாவில் 2024 நவம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், செலவே செய்யவில்லை என்று கணக்குக் காட்டிய ஒருவர் டிக்டாக் அலையில் முதலிடத்துக்கு வந்தார். டிசம்பர் 6ஆம் தேதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது.

அப்படியானால் தடை போடு என்கிறீர்களா? மாட்டேன். 1987 அக்டோபர், ஓப்பராசி லாலாங் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. தி ஸ்டார், சின் சியூ, வத்தான் ஆகிய மூன்று நாளேடுகளும் ஒரே வீச்சில் மூடப்பட்டன. தடை போடும் கைக்குப் பொய் எது, தனக்குப் பிடிக்காத உண்மை எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

பக்கச்சார்பு நமக்குப் புதிதல்ல. 1924இல் தொடங்கி 2019இல் மூடப்பட்ட தமிழ் நேசன் நாளிதழ் எந்தத் தலைவரின் குடும்பத்திடம் இருந்தது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கும் எந்த நாளிதழ் எந்தப் பக்கம் என்று ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நம் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். தெரிந்தே படித்தார்கள், பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். தெரிந்த சார்பைச் சமாளிக்கலாம். அச்சுப் பத்திரிகையின் மூலையில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் முகவரியும் இருக்கும், அது சட்டம். கோபம் வந்தால் அந்த வாசலில் போய்க் கேட்கலாம். புலனத்தில் வரும் 'ஐரோப்பிய நாடாளுமன்றமே வியந்தது' செய்திக்கு வாசல் எங்கே? ஆளே இல்லாத வீட்டுக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டுச் செய்தி போடும்போது அது எந்த நிறுவனம் அனுப்பியது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். ஐரோப்பிய எம்.பி. சொன்னார் என்றால் எந்தக் கட்சி, எங்கே சொன்னார், அவரை அழைத்துப் போனது யார் என்பதையும் போடுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள்; பிறந்தநாள் வாழ்த்துக்கு முழுப் பக்கம் இருக்கிறதே.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்றுதான். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அப்பாவின் கைபேசியை வாங்குங்கள். கடைசியாக வந்த வெளிநாட்டுச் செய்தியைத் திறந்து, அதை யார் வெளியிட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அவரையே அழிக்கச் சொல்லுங்கள்.