பாம்பை இனம் அறிவது எப்படி?

(ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் செய்த சொற்பொழிவு)



ஜீவராசிகளை இனம் பிரித்து அறிவதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி இப்பள்ளி உபாத்தியாயர் நம்மைக் கேட்டுக் கொண்டார். நாம் காலேஜில் படித்தவரல்ல. நாம் கற்றதெல்லாம் இரவல் புத்தகத்திலும், கண்ணால் பார்த்ததிலுந்தான். ஆகவே, நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் ஒப்புக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

"ஆடு ஆடுதான், மாடு மாடுதான், இதற்கு ஒரு பாடம் வேண்டுமா?" என்று சிலர் நினைக்கலாம். அப்படியானால் ஒன்று கேட்கிறோம். வௌவால் பறவையா? திமிங்கிலம் மீனா? பறப்பதெல்லாம் பறவை, நீந்துவதெல்லாம் மீன் என்றால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டும் குட்டி போட்டுப் பால் கொடுக்கின்றன. இரண்டும் நுரையீரலால் மூச்சு விடுகின்றன. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்பவர், உயிர்களை வகைப்படுத்தி 1735-ல் வெளியிட்ட நூலில் திமிங்கிலத்தை மீனோடுதான் சேர்த்திருந்தார். 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில் அதைப் பாலூட்டிகளோடு மாற்றி வைத்தார். தப்பு என்று கண்டார், திருத்தினார். நம் புராணங்களில் எதற்காவது இப்படி ஒரு திருத்திய பதிப்பு வந்ததுண்டா?

நிற்க, திமிங்கிலத்தை இனம் தெரியாவிட்டால் நமக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது. பாம்பு அப்படியல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்தார்.

இவ்வளவு பேரைப் பலி கொடுத்தும் பாம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? சாரை ஆண், நாகம் பெண். இரண்டும் ஜோடி என்கிறோம். சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாகத்திலும் அப்படியே. சாரையும் நாகமும் சேர்ந்து ஒரு நாளும் குஞ்சு உண்டாவதில்லை. இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து எழுந்து ஆடுவதைக் கண்டு வேட்டியை விரித்துக் கும்பிடுகிறோமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம்! விஷமில்லாத சாரையை நாகத்தின் புருஷன் என்று அடித்துக் கொன்றுவிட்டு, பிறகு வயலில் எலி பெருத்துவிட்டது என்று அழுகிறோம்.

பெயரும் நம்மை ஏமாற்றும். கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மூன்றுக்கும் விரியன் என்றே பெயர். ஆனால் உடலைப் பார்த்தால், கட்டுவிரியன் நல்லபாம்பின் பங்காளி. அவ்விரண்டுக்கும் விஷப்பல் குட்டை, மடங்காது, இரண்டும் முட்டையிடும். மற்ற இரண்டு விரியன்களுக்கும் பல் நீளம், வாயை மூடினால் மடங்கிக் கொள்ளும். இரண்டும் குட்டி போடும். முன்னவற்றின் விஷம் நரம்பை அடக்கும். இமை தொங்கும், மூச்சு நிற்கும். பின்னவற்றின் விஷம் முக்கியமாக இரத்தத்தைக் கெடுக்கும்; கடிவாய் வீங்கும், இரத்தம் உறையாமல் ஒழுகும்.

இன்னொன்று கேளுங்கள். கட்டுவிரியனைப் போலவே வெள்ளைக் கோடு போட்ட ஓர் சிறிய பாம்பு வீட்டுச் சுவரில் ஏறும். புத்தகத்தில் அதற்கு ஓநாய்ப் பாம்பு என்று பெயர். மனிதனைக் கொல்லும் விஷம் அதற்கில்லை. அதன் கோடு கழுத்திலேயே ஆரம்பித்து வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குக் கோடு தலையை விட்டுச் சற்றுத் தள்ளி ஆரம்பித்து, பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் வரை தெளிவாக இருக்கும். நடுமுதுகில் ஒரு வரிசைச் செதில் மற்றவற்றை விடப் பெரிதாக, ஆறு கோணமாக இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாததே மாந்திரீகனுடைய பிழைப்பு! நம் தேசத்திலுள்ள 300-க்கு மேற்பட்ட பாம்பு இனங்களில் பெரும்பாலானவை ஆளைக் கொல்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிப்பதுண்டு. அப்படிக் கடிபட்டவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். பிழைத்தால் மந்திரத்தின் மகிமை. செத்தால் அவன் தலைவிதி! இப்படி இரண்டு பக்கமும் ஜெயிக்கிற வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா?

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தரையில் படுத்திருந்த பையனை நடுராத்திரியில் கட்டுவிரியன் கடித்தது. அதன் கடியில் வலியும் வீக்கமும் அநேகமாக இராது. "வீக்கமில்லை, விஷமில்லை" என்று மாந்திரீகன் வேப்பிலை அடித்தான். விடியும்போது பையனால் இமையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுமுன் மூச்சு நின்றுவிட்டது. அந்தத் தாய்க்கு நாம் என்ன சமாதானம் சொல்லுவது?

இதனால், "பாம்பை இனம் கண்டுவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று யாரும் அர்த்தம் பண்ணிக் கொள்ளக் கூடாது. எந்தப் பாம்பு கடித்தாலும், கடித்தது பாம்புதானா என்று சந்தேகமிருந்தாலுங்கூட, கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது கூடாது. பாம்பைத் தேடிப் பிடிக்க ஓடவும் கூடாது. நாம் சொன்ன நான்கு பாம்பின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டு. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்க 1978-ல் இருளர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தினார்கள். பள்ளிக்கூடமே காணாத இருளர் மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து இன்ன பாம்பு என்று சொல்லுவார். அது வரப்பிரசாதமல்ல, தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்த பழக்கம்.

உபாத்தியாயர்களே! அந்தக் கண்ணைத்தான் நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பெயர்களை நெட்டுருப் போடச் சொல்லாதீர்கள். படத்தையாவது, பாடம் செய்து வைத்த உடலையாவது முன்னே வைத்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். முதுகெலும்பு உண்டா, இல்லையா? மயிரா, இறகா, செதிலா? முட்டையா, குட்டியா? ஒவ்வொரு பதிலுக்கும், "எதைப் பார்த்துச் சொன்னாய்?" என்று கேளுங்கள். "தாத்தா சொன்னார்" என்பது பதிலாகாது.

இந்தக் கேள்வியில் பழகிய பிள்ளை ஒரு நாள் உங்களையே கேட்கும்: "சாரையும் நாகமும் சேர்ந்து குஞ்சு உண்டாவதில்லை, அதனால் வேறு ஜாதி. பார்ப்பான், பறையன் என்று வேறு ஜாதி சொல்லுகிறீர்களே, அவர்கள் கலந்தால் பிள்ளை பிறக்கிறதே, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கிறதே! எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?" அன்றைக்குப் பிள்ளையை அதட்டாமல் பதில் சொல்ல, பெற்றோர்களாகிய நீங்கள் இன்றிலிருந்தே தயாராயிருக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டு, நம் வார்த்தையை முடித்துக் கொள்ளுகிறோம்.