சொல்லும் சான்றும்

 

பத்தாம் ஆண்டு மலருக்கு வந்த கட்டுரைகளைச் செப்பம் செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அப்பணியில் எழுந்த மனக்குறையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

'நினைவு கூறுகிறோம்' என்று சிலர் எழுதியிருந்தனர். கூர்தல் என்பது மிகுதல். ஆகவே 'நினைவுகூர்கிறோம்' என்பதே சரி. 'முயற்சிக்கிறார்' என்பதை 'முயல்கிறார்' எனத் திருத்தினேன். இவை சொற்பிழைகள், சிவப்பு மையால் தீர்ந்துவிடும். அவ்வாறு தீராத பிழை ஒன்றுண்டு.

நாவுக்கரசரின் சூலைநோய் தீர்ந்தது இத்திருவதிகையில் என்று பெரியபுராணம் கூறும். 'அவர் மகேந்திரவர்மனைச் சைவனாக்கியதைக் கல்வெட்டே கூறுகிறது' என்றது ஒரு கட்டுரை. எந்தக் கல்வெட்டு? திருச்சிராப்பள்ளிக் குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்னும் அரசன் பிறநெறி நீங்கி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டதைக் குறிப்பால் உணர்த்துகிறது. நாவுக்கரசர் பெயர் அதில் இல்லை. ஏறத்தாழ 500 ஆண்டுகட்குப் பின்வந்த சேக்கிழார், பல்லவ மன்னன் மனம் மாறி இவ்வூரில் குணபரவீச்சரம் எடுத்ததைப் பாடினார். மகேந்திரன் என்னும் பெயர் அங்கில்லை. 'குணபரன்' என்னும் ஒரு சொல்லைக் கொண்டே அறிஞர்கள் இரண்டையும் இணைத்தனர். வலிமையான ஊகந்தான், எனினும் ஊகமே. அதைக் கல்வெட்டின் வாயில் ஏற்றுவது முறையாகாது.

'ஊர்ப்பெருமைதானே, இதனால் என்ன கேடு?' என நண்பர் ஒருவர் வினவினார். மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டைப் பார்வையிட்டபோது, ஆதாரமற்ற கூற்று ஒன்றுக்குச் சான்றாக ஓர் ஆண்டு மலரைக் காட்டியிருந்தாள். மலர் எழுதியவர் மறந்துவிட்டார், அச்செழுத்து மறக்கவில்லை.

உ.வே.சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆகிய எண்ணுக்குரிய பாடல்கள் ஏடுகளில் கிடைக்கவில்லை. செய்யுள் இயற்றவல்ல அப்பெரியார் நினைத்திருந்தால் அவ்விடத்தை நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை. இன்றளவும் அவ்விரண்டு எண்களும் பாடலின்றியே நிற்கின்றன. தமிழன்னைக்கு அவர் அணிவித்த அணிகளுள் அந்த வெற்றிடமும் ஒன்று என்பேன்.

கவிஞர் பெருமக்களே! பாட்டில் கற்பனைக்கு முழு உரிமை உண்டு. உரைநடையில் மட்டும் 'என்பர்', 'எனக் கருதலாம்' என்னும் எளிய சொற்களுக்கு இடம் கொடுங்கள். அவை நம் பெருமையைக் குறைப்பன அல்ல. நம் சொல்லை நம்பத்தக்கதாக்குவன. பதினோராம் ஆண்டு மலருக்கு அத்தகைய கட்டுரைகளை எதிர்நோக்கி விடைபெறுகிறேன்.