தட்டைப் பாதமும் தாமத நடையும்: நாம தப்பா பயப்படுறோமா?

இந்த எபிசோட்ல கோடிங் இல்ல, ஸ்டார்ட்அப் கதையும் இல்ல. நாலு வயசுக் குழந்தையோட பாதத்தைப் பத்திப் பேசப் போறோம்.

போன மே மாசம் ஆய்க்குடியில ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். தென்காசி பக்கத்துல இருக்குற ஊர். அக்கா பையன் சென்னையில எல்.கே.ஜி. படிக்கிறான். தொட்டியில ஆடிட்டு ஈரக்காலோட திண்ணையில ஓடினான். தடம் முழுசா, செங்கல் மாதிரி விழுந்துச்சு. நடுவுல வளைவே இல்ல. அக்காவுக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே உள்வளைவு தாங்குற ஷூ ஆன்லைன் கார்ட்ல ஏறிடுச்சு. ஆச்சி மட்டும், "ஏட்டி, அந்த ஷூவைக் கழத்திப் போட்டுட்டு அவனை ஓடி ஆட விடு"ன்னு சொன்னாங்க.

யார் சொன்னது சரி? உட்கார்ந்து படிச்சேன்.

சின்னக் குழந்தைங்க பாதத்துல உள்வளைவு இருக்குற இடத்துல கொழுப்பு மெத்தை மாதிரி இருக்கும். தசைநார்களும் தளர்வா இருக்கும். வளைவு மெதுவாத்தான் வெளிய தெரியும். பெரும்பாலும் ஆறு வயசுக்குள்ள, சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். அதனால நாலு வயசுல தட்டையான தடம் விழுறது பெரும்பாலும் நோய் இல்ல. வீட்டுலயே ஒண்ணு பார்க்கலாம். குழந்தையை நுனிக்கால்ல நிக்கச் சொல்லிப் பின்னாடி இருந்து பாருங்க. வளைவு எழும்புச்சுன்னா, வலியும் இல்லன்னா, அது வளர்ற பாதம். அவ்வளவுதான்.

ஷூ விஷயத்துல நம்ம நாட்டு ஆய்வே இருக்கு. 1992-ல உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப்னு ரெண்டு டாக்டர்கள், 4 முதல் 13 வயசு வரைக்கும் உள்ள 2,300 குழந்தைகளோட கால்தடத்தைப் பார்த்தாங்க. செருப்போ ஷூவோ போடுற குழந்தைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்கால்ல இருந்தவங்கள்ல 2.8 சதவீதம். அதிலயும் விரலை மூடுற ஷூ போட்டவங்களுக்குத்தான் அதிகம். இது காரணத்தை நிரூபிக்குற சோதனை இல்ல, ஒரு கணக்கெடுப்பு. ஆனா சின்ன வயசுலயே இறுக்கமான ஷூ வேணுமான்னு யோசிக்க இது போதும்.

அதுக்காக ரோட்டுல வெறுங்காலோட விடணும்னு அர்த்தம் இல்ல. கண்ணாடிச் சில்லு இருக்கு, முள் இருக்கு, அசுத்தமான மண்ணுல கொக்கிப்புழு இருக்கு. வீட்டுக்குள்ள, சுத்தமான மணல்ல, புல்லுல வெறுங்கால். வெளிய போனா முன்பக்கம் அகலமா, அடிப்பக்கம் வளையக்கூடிய செருப்பு. இதுதான் நடுவழி.

தடத்தை விட முக்கியம், அந்தக் கால் என்ன செய்யுதுங்கறது. சுமாரா ரெண்டரை வயசுல ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்கணும். மூணு வயசுல ஒரு நொடியாவது ஒத்தக்கால்ல நிக்கணும், மூணு சக்கர சைக்கிள் மிதிக்கணும். நாலு, நாலரை வயசுல ஒத்தக்கால்ல தாவணும். இது எதுக்கும் கிளாஸ் வேண்டாம். பாண்டி ஆட்டம், திண்ணையில இருந்து குதிக்கிறது, கோட்டு மேல நடக்குறது போதும். அக்கா பையன் இது எல்லாத்தையும் செஞ்சான். ஷூ கார்ட்ல இருந்து இறங்கிடுச்சு.

இங்கேயே எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா அதே திண்ணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா தன் குழந்தையைத் தூக்கிட்டு வருவாங்க. அப்போ அவனுக்கு 20 மாசம். நடக்கல. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாராம்"னு சொன்னாங்க. நானும், "தானா நடந்துடுவான்க்கா"ன்னு சொன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து அஞ்சு நாட்டுக் குழந்தைங்களை வச்சு ஒரு கணக்குப் போட்டிருக்கு. ஆரோக்கியமான குழந்தைங்க தனியா நடக்க ஆரம்பிக்கிற காலம் சுமாரா 8 மாசத்துல இருந்து 18 மாசத்துக்குள்ள. அதாவது 18 மாசம் தாண்டினா காத்திருக்கக் கூடாது, டாக்டரைப் பார்க்கணும். நாங்க அன்னைக்கு நல்லா இருக்குற பாதத்துக்குப் பயந்தோம். உதவி தேவைப்படுற குழந்தைக்குப் பொறுமையா இருக்கச் சொன்னோம். சாஃப்ட்வேர்ல இதை ஃபால்ஸ் அலாரம், மிஸ் ஆன அலாரம்னு சொல்லுவோம். ரெண்டாவதுதான் ஆபத்து.

இதுல வேதனை என்னன்னா, இதெல்லாம் நடந்தது ஆய்க்குடியில. 1975-ல கடற்படைத் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினது இதே ஊர்லதான். 2020-ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது. வளர்ச்சி தாமதமாகுற சின்னக் குழந்தைங்களுக்கு ஆரம்பத்துலயே பயிற்சி குடுக்குறது அவங்களோட முக்கியமான வேலைகள்ல ஒண்ணு. கிராமத்துப் பணியாளர்கள் வீட்டுக்கே போறாங்க. 'எனேபிளிங் இன்க்லூஷன்'னு ஒரு ஆப்ல குழந்தையோட முன்னேற்றத்தைப் பதியுறாங்க, தெரபிஸ்ட் அதைப் பார்த்து வழிகாட்டுறாங்க. ஆப் எழுதுற ஆளா நான் சொல்றேன்: அங்க வேலை செய்யுறது ஆப் இல்ல, வீடு தேடிப் போற அந்த மனுஷங்கதான். இது இருக்குற ஊர்ல திண்ணையில உட்கார்ந்துதான் நான் அப்படிச் சொன்னேன்.

அந்தப் பையனுக்கு இப்போ தெரபி ஆரம்பிச்சிருக்கு. பிடிச்சுக்கிட்டு நிக்கிறானாம். சில மாசம் முன்னாடியே தொடங்கியிருக்கலாம்.

அதனால இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 18 மாசத்துலயும் நடக்கல. மூணு வயசுக்கு மேலயும் நுனிக்கால்லயே நடக்குது. ஒரு கால் மட்டும் வித்தியாசமா இருக்கு. பாதம் விறைப்பா இருக்கு, இல்லன்னா வலிக்குது. தரையில இருந்து எழும்போது கையால தொடையை ஊன்றி ஏறுது. ஏற்கெனவே செஞ்சதை இப்போ செய்யல. இதுல எது இருந்தாலும் குழந்தை நல மருத்துவர்கிட்டயோ அரசு மருத்துவமனையிலயோ காட்டுங்க. அங்கன்வாடிக்குப் பரிசோதிக்க வர்ற டாக்டர் குழுகிட்டயும் கேட்கலாம்.

வெறும் தட்டைத் தடம்னா? தொடைச்சுட்டு, திரும்பக் குதிக்க விடுங்க.

யாராவது உங்ககிட்ட "இன்னும் நடக்கல"ன்னு சொன்னா, "தானா வரும்"னு சொல்லாதீங்க. "வாங்க, கூட வர்றேன், காட்டிட்டு வந்துடலாம்"னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.