செக்: ஒரு ராஜாவோட பேர், பேங்க் வரைக்கும் வந்த கதை

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை. தமிழ்ல பேசும்போதே ஒரு நாளைக்குப் பத்து தடவை நாம சொல்ற வார்த்தை: செக்.

"மெயில் செக் பண்ணியா?" "பஸ்ல செக்கிங் ஏறிட்டாங்க." "செக் போட்ட சட்டை." "செக் பவுன்ஸ் ஆயிடுச்சு." அரசியல் செய்தியைத் திறந்தா, யாராவது ஒருத்தர் யாருக்காவது செக் வச்சிருப்பார். இது எல்லாத்துக்கும் ஒரே வேர்தான். செக் குடியரசும் நம்ம ஊர் எண்ணெய்ச் செக்கும் மட்டும் இந்தக் குடும்பத்துல சேராது.

வேர் பாரசீகத்துல இருக்கு. 'ஷா'ன்னா அரசன். நம்ம ஊர்ல பிறந்த சதுரங்கம் பாரசீகம் போய் 'சத்ரங்' ஆச்சு, அரபில 'ஷத்ரஞ்ச்' ஆச்சு. எதிராளியோட ராஜாவைத் தாக்கும்போது "ஷா!"ன்னு சொல்லுவாங்க. "உன் ராஜாவைப் பாருப்பா"ன்னு அர்த்தம். அந்தச் சத்தம் அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சுன்னு ஊர் ஊரா மாறி, ஆங்கிலத்துல 'செக்'னு இறங்குச்சு. பிரெஞ்சுல அதோட பன்மைதான் 'செஸ்' ஆச்சு. ஆக, செஸ்ங்கிற ஆட்டத்தோட பேருக்கே அர்த்தம் 'செக்குகள்'. ஆட்டத்துக்கே ராஜாவோட பேர்தான் வச்சிருக்காங்க!

'செக்மேட்' பாரசீகத்துல 'ஷா மாத்'. இதுக்கு "ராஜா செத்துட்டார்"னு அர்த்தம் சொல்லுவாங்க. அரபில 'மாத'ன்னா இறந்தான், அதனால வந்த விளக்கம் அது. ஆனா பாரசீகத்துல 'மாத்'ங்கிறதுக்கு வழியில்லாம நிக்கிறது, திகைச்சுப் போறதுன்னு பொருள் உண்டு. எனக்கு இதுதான் பொருத்தமாப் படுது. செஸ்ல ராஜாவை யாரும் வெட்டுறதே இல்லையே. போக இடமில்லாம நிக்கிறார், ஆட்டம் முடிஞ்சிடுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ராஜாவுக்கு செக் வந்தா என்ன ஆகும்? அடுத்த நகர்வுல எதிராளியோட ராணியையே வெட்டலாம்னு நீங்க கணக்குப் போட்டு வச்சிருக்கலாம். முதல்ல செக்கை விலக்கணும். விலக்காத எந்த நகர்வும் செல்லாது. அதனாலதான் ஆங்கிலத்துல இந்த வார்த்தை செஸ் போர்டை விட்டு வெளியே வந்ததும் முதல்ல எடுத்த பொருள் 'தடை', 'திடீர்னு நிறுத்துறது'. 'சரியா இருக்கான்னு பார்க்கிறது'ங்கிற பொருள் பல தலைமுறை கழிச்சுதான் வந்துச்சு. நாம தினமும் பயன்படுத்துற அர்த்தம்தான் வீட்டுக் கடைக்குட்டி.

தமிழ் இதை அழகாப் பிரிச்சு வச்சிருக்கு. செக் டேம்னா தடுப்பணை. செக்போஸ்ட்னா சோதனைச்சாவடி. ஒண்ணுல தடுக்கிறோம், இன்னொண்ணுல சோதிக்கிறோம். "அவருக்கு செக் வச்சார்"னு பத்திரிகையில எழுதுறவங்க பழைய செஸ் அர்த்தத்தையே இன்னைக்கும் உயிரோட வச்சிருக்காங்க.

அடுத்து கட்டம் போட்ட துணி. செஸ் போர்டு மாதிரி இருக்கிறதால அதுக்கு செக்ஸ். இங்க சென்னைக்கும் பங்கு உண்டு. 'மெட்ராஸ்'ங்கிறதே உலகச் சந்தையில ஒரு கட்டம் போட்ட பருத்தித் துணியோட பேர். துவைக்கத் துவைக்க அதோட சாயம் ஒண்ணுல ஒண்ணு கலக்கும். அமெரிக்காவுல அந்தக் குறையையே பெருமையா 'பிளீடிங் மெட்ராஸ்'னு சொல்லி வித்தாங்க. மார்க்கெட்டிங்னா அது!

அதே கட்டத் துணிதான் பேங்க் பக்கமும் கூட்டிட்டுப் போகுது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அரசாங்கக் கணக்கு பார்க்க ஒரு பெரிய மேஜை வச்சிருந்தாங்க. 10 அடி நீளம், 5 அடி அகலம், மேல கோடு போட்ட துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டுன்னு ஒவ்வொரு பத்தியிலயும் காய்களை வச்சு நகர்த்திக் கணக்குப் போடுவாங்க. அடிப்படையில அது ஒரு அபாகஸ். செஸ் போர்டு மாதிரி இருந்ததால 'எக்ஸ்செக்கர்'னு பேர். ஒரு பக்கம் ராஜாவோட கருவூல அதிகாரி, எதிர்ல வரி வசூலிச்ச ஷெரிஃப். அந்தக் காலத்துலயே அந்த அலுவலகத்தைப் பத்தி எழுதின ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், ரெண்டு பேரும் செஸ் ஆடுற மாதிரின்னு ஒப்பிடுறார். இன்னைக்கும் பிரிட்டன் நிதியமைச்சரோட பதவிப் பேர் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'.

ரசீதுக்கு வெட்டுக்குறி போட்ட குச்சி. நீளவாக்குல பிளந்து ஆளுக்குப் பாதி. ரெண்டையும் சேர்த்து வச்சா வெட்டு பொருந்தணும், ஏமாத்த முடியாது. (1834-ல பழைய குச்சிகளை எல்லாம் உலையில போட்டு எரிக்கப் போய், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமே எரிஞ்சு போச்சு. டேட்டா டெலீட் பண்ணும்போது நிதானம் வேணும் மக்களே.)

பேங்க் 'செக்'கும் இதே யோசனைதான். 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல செக்னா பணம் எடுக்கிற தாள் இல்ல, அதோட அடிக்கட்டை. மோசடியைத் தடுக்கிறதால அதுக்கு செக். அப்புறம் பேர் தாளுக்கே மாறிடுச்சு. எக்ஸ்செக்கரோட பாதிப்புல பிரிட்டன்ல எழுத்துக்கூட்டல் மாறுச்சு. அமெரிக்கா பழையபடியே எழுதுது.

இதுல ஒரு சீரியஸான விஷயம். வீடு அட்வான்ஸுக்கோ கைமாத்துக்கோ "சும்மா செக்யூரிட்டிக்கு"ன்னு கையெழுத்துப் போட்ட செக்கை நீட்டுறவங்க இருக்காங்க. இந்தியாவுல கடனுக்காகக் கொடுத்த செக் பணமில்லாம திரும்பி, நோட்டீஸ் வந்தும் 15 நாளுக்குள்ள பணம் கட்டலேன்னா, 1881-ஆம் வருஷச் சட்டத்தோட 138-ஆவது பிரிவுப்படி அது கிரிமினல் குற்றம். 2 வருஷம் வரை சிறை, இல்ல தொகையைப் போல ரெண்டு மடங்கு வரை அபராதம், இல்ல ரெண்டுமே.

கடைசியா நம்ம ஏரியா. கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும், 'கிட் செக்அவுட்'னு ஒரு கமாண்ட். அதை வச்சு வேற பிராஞ்சுக்கு மாறலாம். அதே கமாண்டை ஃபைல் பேரோட குடுத்தா, அந்த ஃபைல்ல நீங்க சேவ் பண்ணி ஸ்டேஜ் பண்ணாம வச்சிருந்த மாற்றம் எல்லாம் சத்தமில்லாம போயிடும். "நிச்சயமா?"ன்னு ஒரு கேள்வி கூட கிடையாது. பேர்ல செக் இருக்கு, வேலையில இல்ல. 2019-ல 'ஸ்விட்ச்', 'ரிஸ்டோர்'னு ரெண்டு தனி கமாண்டா பிரிச்சாங்க. புதுசா கத்துக்கிறவங்க அதுல இருந்தே தொடங்குங்க.

உங்க டீம்ல மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி ஓடுற டெஸ்ட்டுக்கும் 'செக்'னுதான் பேர். சிவப்பு காட்டினாலும் மெர்ஜ் பட்டன் வேலை செய்யுதுன்னா, அது கடைக்குட்டி அர்த்தத்துல செக். பட்டனையே பூட்டிடுச்சுன்னா, பாரசீக அர்த்தத்துல செக். உங்க புராஜெக்ட் செட்டிங்ஸ்ல எது ஆன்ல இருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை... ம், செக் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல 'லாக்'. மரக்கட்டைக்கும் நாம லாகின் பண்றதுக்கும் என்ன சம்பந்தம்னு பேசுவோம். டாட்டா.