கேஸ் குழாய் பாதுகாப்பு: அலுவலகக் கோப்பிலும் அடுப்படியிலும்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கேஸ் குழாய் பாதுகாப்பைப் பற்றி நான் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. நான் பொறியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். நம் வளாகத்தில் சிலிண்டர்கள் இருக்கும் இடத்துக்கு 'கேஸ் பேங்க்' என்று பெயர். அதனால் கூப்பிட்டாரோ என்றுகூட நினைத்தேன். காரணம் வேறு. சென்ற முறை பரிசோதனைக்கு ஆள் வந்தபோது 96 வீடுகளில் 11 வீடுகள் கதவைத் திறக்கவில்லை. அந்த 11-இல் ஒன்று என் வீடு.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அவர் பிறகு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், புதிதாக மாடுலர் கிச்சன் போட்டிருந்தோம். அதைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயமும் இருந்தது. "சங்கம் என் அடுப்படிக்குள் எதற்கு வர வேண்டும்" என்று வீட்டில் பேசியதும் நான்தான்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஆறரை மணி. வீட்டு வேலைக்கு வரும் அம்மா கதவைத் தாண்டவில்லை. வாசலிலேயே நின்று, "சார், கேஸ் நாத்தம் அடிக்குது. லைட்டு போடாதீங்க!" என்று சத்தம் போட்டார். என் கை அப்போது ஹால் சுவிட்சின் மேல் இருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் எந்த வாடையும் தெரியவில்லை. எல்.பி.ஜி.க்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் மெல்லக் கசியும் இடத்திலேயே இரவு முழுவதும் இருப்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் முதலில் தெரியும்.

வால்வை மூடலாம் என்று அடுப்படிக்கு ஓடினேன். வால்வு எங்கே? தச்சர் போட்ட அலமாரிக்குப் பின்னால். நாலு ஸ்க்ரூ கழற்றினால்தான் கை போகும். சரி, வெளியே வராந்தா டக்டில் இருக்கும் வால்வை மூடலாம் என்றால், டக்ட் கதவுக்குக் குறுக்கே ஷூ ராக். அதுவும் எங்களுடையதுதான். எதிர் வீட்டுக்காரரும் நானும் அதை இழுத்துத் தள்ளிவிட்டு மூடினோம். பிறகு பார்த்தபோது, டிராயர் உரசி உரசி ரப்பர் டியூப் கீறியிருந்தது. அந்த டியூப் 9 வருஷம் பழையது.

என்னை அதிகம் வெட்கப்பட வைத்த விஷயம் இனிமேல்தான். மூன்று மாதமாக கேஸ் பில் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். "விலை ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு ஒன்பது மணி வரை லெட்ஜரைப் புரட்டிய ஆள் நான். சொந்த வீட்டு மீட்டரில் வந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடவில்லை.

நம் வளாகத்தில் கேஸ் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேஸ் பேங்கில் 47.5 கிலோ சிலிண்டர்கள் ஆறு உபயோகத்திலும் ஆறு தயாராகவும் இருக்கின்றன. மொத்தம் 570 கிலோ. அங்கிருந்து ரெகுலேட்டர் வழியாக அழுத்தம் குறைந்து, மஞ்சள் நிறக் குழாயில் மேலேறி, டக்டில் உங்கள் வீட்டு வால்வு, மீட்டர், பிறகு அடுப்படி வால்வு, டியூப், அடுப்பு. மீட்டர் வரை சங்கத்தின் பார்வையில் இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் கையில்.

முதலில் சங்கத்தின் பொறுப்பு. எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016-இன்படி 100 கிலோவுக்கு மேல் எல்.பி.ஜி. சேமித்து வைக்க உரிமம் வேண்டும். அதைத் தருவது மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 'பெசோ' என்பார்கள், தலைமையகம் நாக்பூரில். சிலிண்டர் பேங்கை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 6044 முதல் பாகம் என்ற இந்தியத் தர நிர்ணயமும், ஓ.ஐ.எஸ்.டி. 162 என்ற எண்ணெய்த் தொழில் பாதுகாப்புத் தரமும் இருக்கின்றன. பில்டர் வளாகத்தை ஒப்படைத்தபோது தந்த கோப்பைச் செயலாளரும் நானும் புரட்டினோம். குழாய் வரைபடம் இருந்தது. அழுத்தப் பரிசோதனைச் சான்று இல்லை. இப்போது கேட்டு எழுதியிருக்கிறோம்.

கேஸ் பேங்க் தரைமட்டத்தில், திறந்த காற்றில் ஏன் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் போலத் தாழ்வான இடத்தை நாடும். பேஸ்மென்ட், சாக்கடை, லிஃப்ட் குழி என்று போய்த் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி ஒன்று போதும். அதனால்தான் அதன் வேலி ஓரமாக வண்டி நிறுத்தாதீர்கள், காய்ந்த சருகைக் குவிக்காதீர்கள் என்று காவலாளி சொல்கிறார். அவரோடு தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள்.

சிலிண்டரின் மேல்பகுதியில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். அது அடுத்த பரிசோதனைக்கான கெடு. ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். 'பி 27' என்று இருந்தால் 2027 ஜூன் வரை. கெடு தாண்டிய சிலிண்டரை இறக்க விடக்கூடாது. வங்கியில் நாங்கள் 'டியூ டேட் டயரி' வைத்திருப்போம். உரிமம், குழாய்ப் பரிசோதனை, தீயணைப்பான், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு டயரியைச் சங்க அலுவலகத்தில் நான் எழுதித் தருகிறேன்.

ஆனால் சங்கத்தின் கோப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், 96 அடுப்படிகளில் ஒன்று தவறினால் போதும். 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் அப்படித்தான் நடந்தது. மக்கள் குடியேறி இரண்டு மாதம்தான். 18-ஆவது மாடியில் ஒருவர் காலை டீ போடத் தீக்குச்சி கிழித்தார். அடுப்புக்கு கேஸ் வரும் இணைப்பில் தரமில்லாத ஒரு பித்தளை நட் உடைந்து கசிந்திருந்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ் வரை சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடம் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டப்பட்டது, அந்தக் கட்டுமானக் குறையும் பெரிய காரணம். நம்முடையது அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் ஒரு வீட்டு நட் மற்ற வீடுகளின் விஷயம்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் நீங்கள் பார்க்க வேண்டியவை:

1. டியூப். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூப்தானா, தேதி என்ன என்று பாருங்கள். 5 வருஷத்துக்கு ஒரு முறை, கீறல் இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.

2. வால்வு. கண்ணை மூடிக்கொண்டு கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் மூடத் தெரிந்திருக்க வேண்டும். இரவிலும் ஊருக்குப் போகும்போதும் மூடுங்கள்.

3. மீட்டர். இரவு அடுப்பை அணைத்துவிட்டு, வால்வைத் திறந்தே வைத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் டீ போடுவதற்கு முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிகிறது. மீட்டருக்கும் அடுப்புக்கும் இடையிலான கசிவை மட்டுமே இது காட்டும். மிகச் சிறிய கசிவைக் காட்டாமலும் போகலாம். அதனால் இணைப்புகளில் சோப்பு நுரையும் தடவிப் பாருங்கள். தீக்குச்சி காட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

4. டக்ட் கதவு. ஷூ ராக், சைக்கிள், பழைய பேப்பர் எதுவும் குறுக்கே வேண்டாம்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாதீர்கள். அடுப்பு எரிந்தால் அணையுங்கள். வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டில் காலிங் பெல் அடிக்காதீர்கள், கதவைத் தட்டுங்கள். படியில் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். கட்டடத்துக்கு வெளியே வந்த பிறகு செல்போனை எடுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண் 1906. தீயணைப்புக்கு 101, அல்லது 112.

சென்னையில் பல இடங்களுக்கு இயற்கை எரிவாயு குழாய் வந்துகொண்டிருக்கிறது. நமக்கும் வரலாம். அது காற்றைவிட லேசானது, மேலே ஏறும். கசிவு காட்டும் கருவியை மேலே வைக்க வேண்டும், எல்.பி.ஜி.க்குக் கீழே. அடுப்பின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். வரும்போது விரிவாகப் பேசுவோம்.

இப்போது மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, கெடு தேதிகள் எல்லாவற்றையும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவது. இரண்டு, அடுப்படியில் வேலை எடுப்பவர்கள் முன்கூட்டியே சங்கத்துக்குச் சொல்லி, கேஸ் குழாயை மறைக்காமல் செய்வது. மூன்று, அடுத்த மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் எல்லா வீடுகளிலும் பரிசோதனை. நேரம் முன்பே சொல்லப்படும். பரிசோதனை செய்பவருடன் கமிட்டியின் பெண் உறுப்பினர் ஒருவரும் வருவார். ஊரில் இல்லாதவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

"என் வீடு, என் அடுப்படி" என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குப் புரிகிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்தவர்களில் ஒருவர் செய்யும் தவறு எல்லோரையும் பாதிக்கும் என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 96 பேருக்கும் ஒரே குழாயில் கேஸ் வரும்போது அது எனக்கு உறைக்கவில்லை. அன்று அந்த அம்மா பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால், சுவிட்சின் மேல் இருந்த என் கை என்ன செய்திருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துப் பார்க்கிறேன்.

பரிசோதனை பட்டியலில் முதல் வீடாக என் வீட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். அலமாரியில் கைவிடும் அளவுக்கு வழி வெட்டி, கதவு வைத்தாயிற்று. பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். காபி உண்டு.