சின்னத் துண்டுகள், ஒரு கிண்ணம்: காரைக்குடியில மிச்சமாகிற மரம்

இன்னிக்கு எபிசோட் ஒரு மரக்கிண்ணத்தைப் பத்தினது. பெரிய கட்டையைக் குடைஞ்சு எடுக்கற கிண்ணம் இல்ல. கட்டட வேலைக்கு வாங்கற சாதாரண ரீப்பர், பழைய வீட்டைப் பிரிக்கும்போது மிச்சமாகிற துண்டு, இதையெல்லாம் சின்னச் சின்னதா அறுத்து, வளையமா ஒட்டி, வளையத்து மேல வளையம் அடுக்கி, லேத்துல கடைஞ்சு எடுக்கற கிண்ணம். வெளிநாட்டுல இதுக்கு செக்மென்டட் டர்னிங்னு பேரு. நாம வசதிக்குத் துண்டுக் கடைசல்னு வெச்சுக்கலாம்.

இதைப் பேச காரைக்குடியை ஏன் எடுத்தேன்? முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போயிருக்கீங்களா? பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கும். தூண், நிலைக்கதவு, பெட்டகம், எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடினு ஒரு வீடு மொத்தமும் தனித்தனியா பிரிஞ்சு விலைக்கு நிக்கும். தூணுக்கு ஆள் உண்டு, செதுக்கு வேலை இருக்கற நிலைக்கு ஆள் உண்டு. ஆனா ஒரு வீட்டைப் பிரிச்சா தூணும் கதவும் மட்டும் வராதே. ஆணி ஓட்டை விழுந்த சட்டம், நுனி இத்துப்போன உத்தரத்துண்டு, ஒரு அடி ஒன்றரை அடி ரீப்பர்னு குவியும். அதை யாரும் விலை கேக்க மாட்டாங்க. பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகும்.

அந்தக் குவியல்ல கிடக்கறது சாதாரண மரமும் இல்ல. நகரத்தார் பர்மாவுல வட்டித்தொழில் செஞ்ச காலத்துல, அங்கேருந்து கப்பல் கப்பலா தேக்கு வந்தது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீடுகள்ல அந்தத் தேக்கைப் பார்க்கலாம். 1942-ல ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சதோட அந்த வாழ்க்கை முறிஞ்சது. 1962-க்கு அப்புறம் ராணுவ ஆட்சி, நாட்டுடைமைனு மிச்சமிருந்ததும் போச்சு. 2014 ஏப்ரல்ல மியான்மர் அரசு வெட்டுமரத்தை அப்படியே ஏற்றுமதி செய்யறதையே நிறுத்திடுச்சு. ஆக, இந்த வீடுகள்ல இருக்கற மாதிரி மரம் திரும்ப அந்த அளவுல வரப்போறதில்ல. அடுப்புக்குப் போற துண்டும் அதே மரம்தான்.

சரி, ஒரு அடி நீளத் துண்டை வெச்சு என்ன செய்ய முடியும்? அங்கதான் துண்டுக் கடைசல் வருது.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். 'கடைசல்'ங்கற வார்த்தையைக் கவனிச்சீங்களா? தயிர் கடையறதும் மரம் கடையறதும் தமிழ்ல ஒரே சொல்தான். காரணம் இருக்கு. பழைய கடைசல் பட்டறையில மோட்டார் கிடையாது. மரத்தைச் சுத்திக் கயிறோ வாரோ போட்டு, மத்து கடையற மாதிரி மாத்தி மாத்தி இழுப்பாங்க. ஒரு பக்கம் சுத்தும்போதுதான் உளி வெட்டும், திரும்பும்போது உளியைக் கொஞ்சம் விலக்கிக்கணும். செட்டிநாட்டு வீடுகள்ல மரவைனு ஒரு பாத்திரம் உண்டு. கடைஞ்சு, மேல அரக்கு ஏத்தின மரப்பாத்திரம். சுத்தற மரத்து மேல அரக்குக் குச்சியை அழுத்தினா, உரசற சூட்டுலேயே அரக்கு உருகிப் படியும். அதுதான் அரக்குக் கடைசல். ஆக, மரப்பாத்திரம் இந்த ஊருக்குப் புதுசு இல்ல. துண்டு துண்டா ஒட்டிச் செய்யறதுதான் புதுசு.

ஏன் ஒட்டணும்? ரெண்டு காரணம். முதலாவது, அகலமான கிண்ணத்துக்கு அகலமான அடிமரம் வேணும், அது நம்மகிட்ட இல்ல. ரெண்டாவது காரணம்தான் முக்கியம். மரம் செத்தப்புறமும் அசையும். காத்துல ஈரம் ஏறினா உப்பும், வறண்டா சுருங்கும். ஆனா எல்லாப் பக்கமும் ஒரே அளவுல சுருங்காது. நீளவாட்டுல கிட்டத்தட்ட அசைவே இருக்காது. குறுக்குவாட்டுலதான் அசைவு. அதுலயும் ஆண்டு வளையத்தை ஒட்டின திசையில சுருங்கறது, நடுவுலேருந்து வெளியே போற திசையில சுருங்கறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனாலதான் ஒரே கட்டையில குடைஞ்ச கிண்ணம், மரம் சரியா காயலைன்னா, கொஞ்ச மாசத்துல வட்டம் மாறி முட்டை வடிவத்துக்கு வந்துடும்.

துண்டு வளையத்துல என்ன நடக்குதுன்னா, ஒவ்வொரு துண்டோட நீளவாட்டமும் வட்டத்தைச் சுத்தியே ஓடுது. நீளவாட்டுல மரம் அசையாதே. அதனால சுற்றளவு மாறாது, வட்டம் வட்டமாவே இருக்கும். சிவகங்கைச் சீமை வெயில்ல இருந்தாலும் சரி, சென்னையில ஏசி ஓடற ஃப்ளாட்டுல இருந்தாலும் சரி.

இப்போ கணக்கு. பயப்படாதீங்க, பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு வளையத்துக்கு 12 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு முனை, ஆக 24 வெட்டு. 360-ஐ 24-ஆல வகுத்தா 15. ஒவ்வொரு முனையையும் 15 டிகிரி சாய்ச்சு அறுக்கணும். 20 சென்டிமீட்டர் விட்டத்துக்கு, துண்டோட வெளிப்பக்க நீளம் சுமார் 5.4 சென்டிமீட்டர் வரும். கடையறதுக்குக் கொஞ்சம் விட்டு 5.5 வெச்சுக்குங்க. ரெண்டு அங்குல அகல ரீப்பரை ஒவ்வொரு வெட்டுக்கும் புரட்டிப் போட்டு அறுத்தா, ரம்பத்துல போற தூளையும் சேர்த்து, 12 துண்டுக்கு ரெண்டடி நீளம்கூட ஆகாது. ஒரு அங்குல கனமுள்ள ரீப்பர்ல நாலு வளையம் அடுக்கினா, இழைச்சது போக 9 சென்டிமீட்டர் உயரம் நிக்கும். மொத்தத்துல எட்டடி ரீப்பருக்குள்ள ஒரு கிண்ணம் முடிஞ்சுடும்.

இப்போ இதுல இருக்கற சிக்கல். ஒவ்வொரு வெட்டுலயும் அரை டிகிரி தப்பினா என்ன ஆகும்? 24 வெட்டு, 12 டிகிரி. வளையம் மூடவே மூடாது, பல்லு விழுந்த மாதிரி வாய் பிளந்து நிக்கும். இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. பன்னிரண்டையும் ஒரே தடவையில ஒட்டாதீங்க. ஆறு ஆறா, ரெண்டு அரை வளையமா ஒட்டுங்க. எதிரெதிரா இருக்கற ரெண்டு இணைப்புல மட்டும் பசை போடாம, நடுவுல மெல்லிசா ஒரு குச்சியை வெச்சு இறுக்குங்க. இறுக்கறதுக்கு ஹோஸ் கிளாம்ப் போதும், பழைய சைக்கிள் ட்யூபை வெட்டியும் கட்டலாம். பசை காய்ஞ்சதும் கண்ணாடி மேல உப்புத்தாளை ஒட்டி, அரை வளையத்தோட முனைகளை அதுல தேய்ச்சு சமமாக்குங்க. மத்த வெட்டுகள்ல இருந்த தப்பு எல்லாம் இந்த ரெண்டு இடத்துக்கு வந்து, தேய்ப்புல போயிடும். அப்புறம் ரெண்டு பாதியையும் சேர்த்து ஒட்டினா வளையம் மூடிக்கும்.

அடுக்கும்போது செங்கல் கட்டற கொத்தனாரை நினைச்சுக்குங்க. கீழ் வரிசை இணைப்புக்கு நேரா மேல் வரிசை இணைப்பு வரக்கூடாது. காரணம், துண்டோட முனையில மரத்தோட நார் வாய் திறந்து இருக்கும். பசையை உறிஞ்சிடும், ஒட்டு பலமா பிடிக்காது. அதனால முனைகள்ல முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு பசை தடவி, உறிஞ்ச விட்டு, அப்புறம் ஒட்டணும். மேல வர்ற வளையம் அந்த இணைப்பைப் பாலம் மாதிரி தாண்டி நிக்கும்போதுதான் முழு பலம். பசைக்கு, கடையில கிடைக்கற தண்ணி தாங்கற ஃபெவிகால் வகை போதும்.

அடித்தட்டுல நிறைய பேர் மாட்டிக்குவாங்க. வளையம் அசையாதுனு சொன்னேன். ஆனா அடியில ஒரே பலகையில வட்டமா வெட்டின தட்டை ஒட்டினா, அந்தத் தட்டு குறுக்குவாட்டுல அசையும். 10 சென்டிமீட்டர் அகலத் தட்டு பருவத்துக்குப் பருவம் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் அசையலாம். ஒண்ணு அசையுது, ஒண்ணு அசையலைன்னா நடுவுல விரிசல்தான். இதுக்கான பதில் செட்டிநாட்டு வீட்டுக் கதவுலேயே இருக்கு. பேனல் கதவுல நடுப்பலகையை ஆசாரி ஒட்ட மாட்டார். சட்டத்துல காடி எடுத்து, அதுக்குள்ள சும்மா செருகி விடுவார். பலகை உள்ளேயே உப்பிச் சுருங்கிக்கும், கதவு பிளக்காது. கிண்ணத்து அடித்தட்டையும் அப்படிக் காடியில மிதக்க விடலாம். இல்லைன்னா, தட்டைச் சின்னதா வெச்சுக்கலாம்.

லேத் இல்லையேனு கவலைப்பட வேணாம். கட்டில் கால், தொட்டில் கால் கடையற பட்டறை நம்ம ஊர்ல இன்னும் இருக்கு. ஒட்டின கட்டையை அங்க கொண்டு போகலாம். ஆனா ஒண்ணு, "அண்ணே, இது ஒட்டுக் கட்டை"னு முன்னாடியே சொல்லிடணும். ஒட்டு பிரிஞ்சா துண்டு கல்லு மாதிரி பறக்கும். நிமிஷத்துக்கு 500 சுத்துக்குள்ள மெதுவா ஆரம்பிக்கணும், முகத்துக்கு ஷீல்டு கட்டாயம். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், மாஸ்க் போடுங்க. தேக்குல மணல் சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி சாணை பிடிக்கணும்.

எந்த மரத்தை எடுக்கக்கூடாதுங்கறதும் முக்கியம். பழைய பெயின்ட் அடிச்ச மரம் வேணாம், அதுல ஈயம் இருக்கலாம். பூச்சி மருந்து ஏத்தின மரம் வேணாம். பேக்கிங் பலகையில 'எம்பி'னு முத்திரை இருந்தா தொடாதீங்க, அது மீத்தைல் புரோமைடு வாயு அடிச்சது. 'எச்டி'ன்னா சூடு காட்டினது, பரவாயில்ல. பழைய வீட்டு மரம்னா ஒரு காந்தத்தால தடவிப் பாருங்க. உள்ள ஒடிஞ்சு நிக்கற ஒரு ஆணி, ரம்பத்தையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். செஞ்சு முடிச்ச கிண்ணத்துல சாம்பார் ஊத்த வேணாம். சீப்புச்சீடை, மனகோலம், பழம்னு ஈரமில்லாத எதையும் போட்டு வைக்கலாம்.

இப்போ கொஞ்சம் சங்கடமான பகுதி. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேருந்து யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல இருக்கு. அந்தப் பட்டியல்ல பேர் இருக்கறதாலயே ஒரு வீடு இடிபடறது தானா நின்னுடாது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் மலேசியாவுல, ஒருத்தர் அமெரிக்காவுல. ஓடு மாத்தணும்னா யார் காசு போடறது? மழைத்தண்ணி உத்தரத்துல இறங்கினதுக்கு அப்புறம், வித்துடலாங்கற பேச்சு தானா வரும். அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

இந்த நிலைமையில "செட்டிநாட்டு பர்மா தேக்குக் கிண்ணம்"னு இன்ஸ்டாவுல ஒண்ணு ஹிட் ஆனா என்ன ஆகும்? நாளைக்குத் தூணையே அறுத்துக் கிண்ணம் போட ஆள் வருவான். விறகைக் காப்பாத்த ஆரம்பிச்ச வேலை, வீட்டை விறகாக்கற வேலையா மாறிடும். அதனால இதுல எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேற எதுக்கும் ஆகாத துண்டை மட்டும்தான் எடுக்கணும். தூண், நிலை, கதவு, உத்தரம், இதெல்லாம் முழுசா இருக்கற வரைக்கும் இன்னொரு வீட்டுல அதே வேலைக்குப் போக முடியும். அறுத்துட்டா முடியாது. "உங்களுக்காக ஒரு தூணை அறுத்துத் தர்றேன்"னு யாராவது சொன்னா, வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க.

இன்னொண்ணும் பண்ணலாம். துண்டு எடுத்த இடத்துலேயே கேட்டு, கிண்ணத்தோட அடியில எழுதி வைங்க. எந்த ஊர், வீட்டுல எந்தப் பாகம், எந்த வருஷம் பிரிச்சாங்க. முற்றத்துத் தாழ்வாரச் சட்டமா, ரெண்டாங்கட்டு ஜன்னலா? அந்த வீட்டுல பிறந்த பேரப்பிள்ளை யாராவது ஒரு நாள் அதைப் படிக்கக்கூடும்.

இந்தச் சனி ஞாயிறே ஆரம்பிக்கணும்னா பர்மா தேக்கைத் தேடி ஓடாதீங்க. பக்கத்து மரக்கடையில காய்ஞ்ச ரீப்பர் எட்டடி வாங்குங்க, தேக்கோ வேங்கையோ எதுவா இருந்தாலும் சரி. 12 துண்டு அறுங்க, பசையே போடாம தரையில வட்டமா வெச்சுப் பாருங்க. மூடுதா, எவ்வளவு இடைவெளி வருதுனு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. பழைய துண்டுல கை வைக்கறது, நாலு வளையம் சரியா மூடினதுக்கு அப்புறம். அந்த மரம் நூறு வருஷம் பொறுத்திருக்கு, நாம நாலு வாரம் பழகிக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.